பெரியம்மாவுக்குக் காய்ச்சல்

தண்ணீர் வாரியத்தின் தலைமை அலுவலகத்தில், கீழ்த்தளத்துப் பதிவறையில் உட்கார்ந்திருந்தவளை எல்லோரும் ஒற்று அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. யார் என்ன எழுதிக்கொண்டு வந்து நீட்டினாலும், விஷயத்தைப் படிப்பதற்கு முன்னால் எங்கே ‘க்’ விட்டுப்போயிருக்கிறது, எங்கே ‘ப்’ வராமல் போயிருக்கிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். மாமனார் இறந்துவிட்டார், மூன்று நாள் விடுப்பு வேண்டும் என்று கண்ணீரோடு வந்த ஒருவரிடம், “ரொம்ப வருத்தமா இருக்குங்க, ஆனா இறுதிச் சடங்குக்கு ஒரு ‘ச்’ வேணும்” என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. அதை அவள் ஒருநாளும் மறுத்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை பொறியாளர் மாடியிலிருந்து தானே இறங்கி அவள் மேசைக்கு வந்தார். அவர் இறங்கி வருவது அபூர்வம். வந்தால் நல்ல செய்தியாக இருக்காது.

“வியாழக்கிழமை விசாரணை. ஆற்றோர நிலையத்துப் பம்ப்காரர், பழுதைப் பத்தி எழுதி அனுப்பினேன்னு ஒற்றைக்கால்ல நிக்கறார். என் மேசைக்கு ஒரு வரி வரலை. எழுதினாரா இல்லையான்னு உங்க பெட்டிதான் சொல்லணும். தேடிப் பார்த்து ஒரு சான்று கொடுங்க.”

விஷயம் அலுவலகம் முழுக்கத் தெரிந்ததுதான். பத்து நாளுக்கு முன்பு ஆற்றோர நிலையத்தில் ஒன்றாம் எண் பம்பின் பேரிங் சூடேறி, இறுகி, இணைப்பு வளையம் உடைந்து பறந்தது. பக்கத்தில் ஒரு வால்வைக் கழற்றிக்கொண்டிருந்த ஃபிட்டருக்கு வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. அந்த நேரத்தில் பம்ப்காரர் வேலையில்கூட இல்லை. அவர் முறை முடிந்து தூங்கப் போயிருந்தார். ஆனால் நிலையத்துப் பொறுப்பு அவருடையது. இயந்திரத்துக்கு ஒன்று என்றால் எழுதி அனுப்ப வேண்டியவர் அவர். எழுதவில்லை என்று ஆகிவிட்டால் வேலை போகும், நிலையத்தை ஒட்டியிருக்கும் குடியிருப்பும் போகும். எழுதினார் என்று ஆகிவிட்டால், அதைப் படித்தும் பேசாமல் இருந்தது யார் என்ற கேள்வி வரும்.

ஒற்று அக்காவின் பெட்டி என்பது பெட்டி அல்ல. கணினிக்காரர்கள் அதற்கு எக்ஸ்எம்எல் தரவுத்தளம் என்று வாய் நிறையப் பெயர் சொல்லிவிட்டுப் போனார்கள்; அவளுக்குப் பெட்டி போதும். ஒவ்வொரு நிலையத்திலிருந்தும் தினமும் காலையில் வேனில் குறிப்புத் தாள்கள் வரும். அவள் அதைத் தட்டச்சு செய்து, ஒவ்வொரு குறிப்புக்கும் முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று டேக் என்னும் அடையாளச் சொல்லைப் போடுவாள். தண்ணீர் அளவு என்றால் ‘அளவு’ என்ற டேக். கோளாறு என்றால் ‘பழுது’. அந்தப் ‘பழுது’ டேக்குக்குள் இருப்பதெல்லாம் தானாகவே பொறியாளர் மேசைக்குப் போய்விடும். வாரக் கடைசியில் தாள்களைக் கிழித்துப் போடுவது விதி. இரண்டு வருடமாக இந்த ஏற்பாடு. இதை ஏற்படுத்துவதற்குள் அவள் தலையால் தண்ணீர் குடித்திருந்தாள், அதனால் அதன்மேல் அவளுக்குப் பெருமையும் அதிகம்.

தேடினாள். பொறியாளர் எழுதிக் கொடுத்த நான்கு தொடர்களையும் மேற்கோள் குறிக்குள் போட்டாள்: ‘பம்ப் எண் ஒன்று’, ‘பேரிங் சூடு’, ‘அதிர்வு அதிகம்’, ‘பழுது பார்க்கவும்’. நான்கும் ஒரே குறிப்பில் இருக்க வேண்டும் என்று முதலில் கேட்டாள். பூஜ்யம். சரி, நாலில் ஏதாவது ஒன்று இருந்தாலும் போதும் என்றாள். இருநூற்றுப் பதினான்கு வந்தது, எல்லாம் மற்ற நிலையங்களுடையது. ‘பேரிங்’ ஒரு இடத்திலும் ‘சூடு’ பத்து வார்த்தை தள்ளியும் இருந்தால்கூடப் பரவாயில்லை என்று வலையைத் தளர்த்தினாள். ஆற்றோர நிலையத்தில் ஒன்றுகூடச் சிக்கவில்லை.

“இல்லை” என்று சான்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எழுதும்போது மனசு கேட்கவில்லை. பாவம், அந்த மனுஷனுக்கு வீட்டில் இருக்கும் பாட்டுக்கு, பம்பைப் பற்றி எழுத மறந்துபோனதில் என்ன ஆச்சரியம் என்றுதான் நினைத்தாள்.

பம்ப்காரரின் வீட்டுக் கதை அவளுக்கு மனப்பாடம். அவர் எழுதும் தாளில் தண்ணீர்க் கணக்குக்குக் கீழே இரண்டு மூன்று வரி வீட்டு விஷயம் கட்டாயம் இருக்கும். அவருடைய பெரியம்மா படுத்த படுக்கை போலிருக்கிறது. ‘பெரியம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது.’ ‘பெரியம்மா காலையிலிருந்து முனகல்.’ ‘பெரியம்மாவுக்கு எண்ணெய் வைத்துவிட்டேன், கொஞ்சம் பரவாயில்லை.’ வீட்டில் சின்னம்மாவும் இருந்தார். பெரியம்மா முடியாமல் கிடக்கும் நாளில் முழுப் பாரத்தையும் அவர்தான் தாங்கினார். ஓர் அத்தையும் உண்டு, அவர் அவ்வளவாக ஒத்தாசை இல்லை. ஒருமுறை, ‘பெரியம்மாவுக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டது, வெளியேற்றினேன்’ என்று வந்தது. இதையெல்லாமா ஒரு மனுஷன் ஆபீஸ் தாளில் எழுதுவான் என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் வயதான மூன்று பேரை ஓர் ஆண்பிள்ளை தனியாக வைத்துப் பார்க்கிறாரே என்று மனசு இளகியது.

நிலையக் குறிப்பில் வீட்டு விஷயம் எழுதுவது அவர் மட்டுமல்ல. பல்வலி, மகளின் பரீட்சை, கசியும் கூரை என்று எல்லோரும் எழுதினார்கள். அடுத்தவர் வீட்டுக் கஷ்டம் பொறியாளர் மேசையில் கிடந்து, அவர் அதைப் படித்துச் சிரிக்கக் கூடாது என்று ஒற்று அக்காவுக்குத் தோன்றியது. அதற்காகவே ஒரு புது டேக் வைத்தாள். அதற்கு ‘சொந்தம்’ என்று பெயர். சொந்த விஷயம் என்ற பொருளில்தான். அந்த டேக்குக்குள் இருப்பது யார் மேசைக்கும் போகாது, யார் தேடினாலும் கிடைக்காது. தேடல் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமல் தாண்டிப் போகும்படி கணினிக்காரரை உட்காரவைத்துச் செய்யச் சொல்லியிருந்தாள். பிறர் மானத்தைக் காப்பாற்றிய திருப்தி அவளுக்கு இருந்தது.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. ஐந்து மாதத்துக்கு முன்பு, ‘பெரியம்மா நடுங்கிக்கொண்டே இருக்கிறார், நிற்கவே இல்லை’ என்ற வரியைத் தட்டச்சு செய்த அன்று சாயங்காலம், கணவரைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய்ச் சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளிச் சால்வை வாங்கினாள். உறைக்குள் போட்டு, மேலே ‘பெரியம்மாவுக்கு’ என்று மட்டும் எழுதி வேனில் கொடுத்து அனுப்பினாள். யார் அனுப்பியது என்று எழுதவில்லை. எழுதினால் அவருக்குக் கூச்சமாக இருக்கும்.

செவ்வாய்க்கிழமை பம்ப்காரர் பதிவறை ஜன்னலுக்கு வந்தார். வேலையிலிருந்து நிறுத்திவைத்திருந்ததால் சீருடை இல்லை. வீட்டுச் சட்டையில் அவரைப் பார்க்க யாரோபோல் இருந்தது.

“மேடம், அந்தச் சான்றோட நகல் எனக்கும் ஒண்ணு கொடுக்கணுமாம்.”

கொடுத்தாள். அவர் நின்றபடியே விரல் வைத்துப் படித்தார். ஒரு பத்திதான். ஆனாலும் ரொம்ப நேரம் படித்தார்.

“ஒண்ணுகூட இல்லையா மேடம்?”

“எல்லா விதத்துலயும் தேடினேங்க.”

“எழுதினதாத்தான் ஞாபகம். தினமும் எழுதினேன்னுதான் நெனைச்சுக்கிட்டு இருக்கேன்.” அவர் தாளை இரண்டாக மடித்தார், திரும்பப் பிரித்தார். “நேத்து ஃபிட்டர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறக்கலை. உள்ளே இருந்துக்கிட்டே, ‘ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதாடா’ன்னு கேட்டார். இருபது வருஷமா அவர் சாப்பாட்டுல பாதி எனக்கு, என்னுதுல பாதி அவருக்கு. இப்போ எனக்கே சந்தேகமா இருக்கு, எழுதினேனா இல்லையான்னு.”

பேச்சை மாற்றினால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று ஒற்று அக்கா நினைத்தாள்.

“வீட்டுல பெரியம்மா எப்படி இருக்காங்க?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “பெரியம்மா போயிட்டாங்களே மேடம்.”

“ஐயோ. எப்போ?”

“அன்னைக்கேதான். அப்புறம் ஒரு வாரம் அப்படியே கெடந்தாங்க, யாரும் வந்து எட்டிக்கூடப் பார்க்கலை. போன வெள்ளிக்கிழமை கிரேன் வந்துச்சு. நாலு துண்டா வெட்டி, லாரியில ஏத்திப் பழைய இரும்புக்குக் கொண்டுபோயிட்டாங்க.”

ஒற்று அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“யாரை?”

“பெரியம்மாவைத்தான். ஒண்ணாம் நம்பர் பம்ப்.” அவளுக்குப் புரியவில்லை என்பது அவருக்கு இப்போதுதான் புரிந்தது. “நாங்க அப்படித்தான் சொல்வோம் மேடம். நம்பரை மூணு தடவை மாத்தி மாத்திப் பெயின்ட் அடிச்சாங்க. ஒண்ணு ரெண்டாச்சு, ரெண்டு மூணாச்சு, மறுபடி ஒண்ணாச்சு. எந்த ஒண்ணுன்னு குழம்பக் கூடாதுன்னு பேர் வெச்சுக்கிட்டோம். பெரியம்மா, சின்னம்மா, அத்தை. பழைய பொறியாளருக்கு நல்லாத் தெரியும். அவரும் அப்படித்தான் கேப்பார், ‘பெரியம்மா சௌக்கியமா’ன்னு.”

“அப்போ எண்ணெய் வைச்சது?”

“பேரிங்குக்கு.”

“மூச்சு வாங்குதுன்னு எழுதினது?”

“தண்ணி இழுக்கத் திணறினா அப்படித்தானே மேடம் சத்தம் வரும்.”

கேட்காமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தாள். வாய் கேட்டுவிட்டது.

“அந்தச் சால்வை?”

“அது உங்களுக்கும் தெரியுமா? ஆபீஸ்லேருந்துதான் வந்துச்சு. சூட்டுக்குப் போர்வை அனுப்பறாங்களேன்னு நானும் ஃபிட்டரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். ஆனா ஒண்ணு மேடம், நான் எழுதறதை மேலே யாரோ படிக்கறாங்கன்னு அன்னைக்குத்தான் நம்பிக்கை வந்துச்சு. அதுக்கு முன்னாடி வாரம் ஒரு தடவை போன் பண்ணிக்கிட்டு இருந்தேன். ‘எழுதி அனுப்பு, எழுதி அனுப்பு’ன்னு சொல்லிட்டுப் போனை வெச்சுடுவாங்க. சால்வை வந்ததும் போன் பண்றதை விட்டுட்டேன். அதான் படிக்கறாங்களே, ஆள் அனுப்புவாங்கன்னு இருந்துட்டேன்.”

அவர் இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தச் சால்வையைப் பற்றிப் பேசும்போது முகத்தில் லேசாகச் சிரிப்புகூட வந்தது. ஒற்று அக்கா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவர் கையிலிருந்த சான்றை வாங்கிக்கொண்டாள்.

“இது தப்பான சான்று. நான்தான் எழுதினேன், ஆனா தப்பு. வியாழக்கிழமை வந்துடுங்க.”

“தப்புன்னா?”

“வந்துடுங்க” என்றாள்.

அவர் போனதும் ஜன்னலைச் சாத்தினாள். பிறகு திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். ‘சொந்தம்’ டேக்கைத் தாண்டிப் போ என்ற கட்டளையை முதலில் நீக்கினாள். அவள் போட்ட பூட்டு, சாவியும் அவளிடமே இருந்தது. பிறகு ‘பெரியம்மா’, ‘காய்ச்சல்’ என்று இரண்டும் ஒரே குறிப்பில் வரும்படி கேட்டாள். மூன்றுதான் வந்தது. பதறிப்போனாள். பிறகுதான் புத்தியில் உறைத்தது: இந்தப் பெட்டி அசல் மண்டு, கொடுத்த சொல்லை எழுத்து மாறாமல்தான் தேடும். யார் ‘பெரியம்மா’ என்று வெறுமனே எழுதுகிறார்கள்? பெரியம்மாவுக்கு, பெரியம்மாவை, பெரியம்மாவின் என்று வால் இல்லாமல் தமிழில் ஒரு சொல் வெளியே வருமா? சொல்லுக்குப் பின்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டாள், என்ன வால் இருந்தாலும் சரி என்று. கூடவே பம்ப்காரர் பேசும் பேச்சாகவே யோசித்து ஒவ்வொன்றாகச் சேர்த்தாள்: ‘மூச்சு வாங்கு’, ‘முனகல்’, ‘நடுங்கு’, ‘காய்ச்சல்’, ‘கை வைக்க முடியவில்லை’, ‘டாக்டர்’. எல்லாம் வேண்டாம், ஏதாவது ஒன்று பெரியம்மாவோடு சேர்ந்து இருந்தால் போதும்.

அறுபத்தொன்று.

அறுபத்தொரு குறிப்பும் ஆற்றோர நிலையத்துடையது. அறுபத்தொன்றுக்கும் அவள் கையால் போட்ட ‘சொந்தம்’. ஓரத்தில் அவளுடைய சுருக்கொப்பம். ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தாள். இரண்டு வருடமாக அவளே தட்டச்சு செய்த வரிகள்தான். ஆனால் ஒரு வரியைக்கூட இதற்கு முன்னால் படித்ததில்லை என்று இருந்தது. சால்வை போன மறுநாள் குறிப்பு இப்படி இருந்தது: ‘பெரியம்மாவுக்கு அலுவலகத்திலிருந்து சால்வை வந்தது. மிக்க நன்றி. போர்த்திப் பார்த்தோம். ஆனால் காய்ச்சல் குறையவில்லை. டாக்டர்தான் வேண்டும்.’

இந்தக் குறிப்பு அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. நன்றி என்ற சொல்லைப் பார்த்துக் கண் கலங்கியதும் ஞாபகம் இருந்தது. டாக்டர் வேண்டும் என்றதற்கு, பெரியம்மா என்பவர் ஊழியரின் மருத்துவச் சலுகைப் பட்டியலில் வரமாட்டாரே என்று விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து உச்சுக் கொட்டியிருந்தாள். பம்ப்காரர் ‘பெரியம்மாவுக்கு காய்ச்சல்’ என்றுதான் எழுதுவார், நடுவில் ‘க்’ இருக்காது. அப்படி வந்த ஒவ்வொரு தடவையும் விடாமல் அந்த ‘க்’கைச் சேர்த்திருந்தாள். மெய்யெழுத்தைச் சேர்த்தாள், மெய்யை விட்டுவிட்டாள்.

கடைசிக் குறிப்பு விபத்துக்கு முந்தின நாளுடையது. அதைப் படித்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டில், கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பேருந்து ஓட்டுபவர். சாலையில் போகிறவன் வருகிறவனையெல்லாம் திட்டியே பழக்கப்பட்ட வாய், வீட்டில் ரொம்பச் சாது. துணி மடித்துக்கொண்டே கேட்டார்.

“அந்த டேக்கை மாத்த முடியாதா? ‘சொந்தம்’னு இருக்கறதை ‘பழுது’ன்னு?”

“நாலு நிமிஷ வேலை.”

“மாத்திட்டா?”

“மாத்திட்டா, எல்லாம் ஒழுங்காப் பொறியாளர் மேசைக்குப் போன மாதிரி இருக்கும். அவர் படிக்கலைன்னு ஆகும். பம்ப்காரர் தப்பிச்சுடுவார். நானும் தப்பிச்சுடுவேன்.”

அவர் ஒரு சட்டையின் காலரை நீவிக்கொண்டே இருந்தார். “பொறியாளர் உனக்கு என்ன மாமனா மச்சானா?”

“இல்லீங்க. ஆனா அவர் பாக்காததைப் பார்த்தார்னு நான் எப்படி எழுதறது? படிச்சது நான்.”

“சரி, உன்னை என்ன பண்ணுவாங்க?”

“தெரியலை.”

“அந்தச் சால்வையை நான்தான் தேர்ந்தெடுத்தேன். சாம்பல் கலர் அழுக்குத் தெரியாதுன்னு” என்றார். சொன்ன பிறகு, அது சிரிக்கிற விஷயமா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை. அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. அவர் சட்டையை வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

வியாழக்கிழமை விசாரணை மாடியில், நீள மேசை போட்ட அறையில் நடந்தது. வெளியிலிருந்து வந்த ஓர் அதிகாரி தலைமையில் உட்கார்ந்திருந்தார். பொறியாளர் ஒரு பக்கம். பம்ப்காரர் எதிர்ப்பக்கம், கையை மடியில் வைத்துக்கொண்டு. ஃபிட்டர் கதவோரத்து நாற்காலியில், கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்தபடி, பம்ப்காரர் இருக்கும் திசையையே பார்க்காமல் இருந்தார்.

ஒற்று அக்கா இரண்டு தாள்களை மேசையில் வைத்தாள். “இது திங்கட்கிழமை நான் கொடுத்த சான்று. இது தப்பு. இன்னொண்ணு சரியான சான்று. பழுதைப் பத்தி ரெண்டு வருஷத்துல அறுபத்தோரு தடவை எழுதியிருக்கார். அது பொறியாளர் மேசைக்குப் போகாததுக்குக் காரணம் நான்.”

அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “படிங்க.”

படித்தாள். மூச்சு வாங்குவது, முனகுவது, எண்ணெய் வைத்தது. நாலாவது குறிப்பிலேயே பொறியாளர் குறுக்கிட்டார். “இது என்னங்க, யாரோ உறவுக்காரங்க உடம்பு சரியில்லாத கதை. இதைப் போய்ப் பழுதுன்னு எப்படி எடுத்துக்கறது?”

“நானும் அப்படித்தான் நெனைச்சேன் சார்” என்றாள் ஒற்று அக்கா.

கதவோரத்திலிருந்து குரல் வந்தது. “பெரியம்மான்னா ஒண்ணாம் நம்பர் பம்ப்.” ஃபிட்டர் யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினார். “அங்க வாசல் கூட்டறவங்களைக் கேட்டாலும் சொல்லுவாங்க. அங்க ஒரு தடவை வந்திருந்தா உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்.”

அதிகாரி பொறியாளர் பக்கம் திரும்பினார். “நீங்க அந்த நிலையத்துக்குக் கடைசியா எப்போ போனீங்க?”

பொறியாளர் கோப்பைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தார். தேடிக்கொண்டே இருந்தார்.

“கடைசிக் குறிப்பு ஒண்ணு இருக்கு” என்றாள் ஒற்று அக்கா. “விபத்துக்கு முதல் நாள் வந்தது. அன்னைக்கே தட்டச்சு பண்ணிட்டேன்.” தாளை மேசைமேல் வைத்து, விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு படித்தாள்.

“‘பெரியம்மாவுக்குக் காய்ச்சல் மிக அதிகம். கை வைக்க முடியவில்லை. நாளை வால்வு வேலைக்கு ஃபிட்டர் வருவதாகத் தெரிகிறது. காய்ச்சல் இறங்கும்வரை அவரை அனுப்ப வேண்டாம். வந்தால் சொல்லச் சொல்லக் கேட்காமல் பெரியம்மா பக்கத்தில் போய் நிற்பார், அவர் சுபாவம் அப்படி. நான் அந்த நேரம் வேலையில் இருக்கமாட்டேன். தயவுசெய்து அனுப்ப வேண்டாம்.’”



“காய்ச்சல் ஒட்டிக்கும்னு பயப்படறார்னு நெனைச்சேன்” என்றாள் ஒற்று அக்கா. “எவ்வளவு அக்கறையான மனுஷன்னு நெனைச்சுக்கிட்டே ‘சொந்தம்’ டேக் போட்டேன்.”

ஃபிட்டர் எழுந்தார். மேசையைச் சுற்றிக்கொண்டு போய்ப் பம்ப்காரருக்குப் பக்கத்து நாற்காலியை இடது கையால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இவ்வளவு எழுதியிருக்கே. நான் கேட்டப்போ கதவுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமில்ல?”

“எழுதினேனான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு” என்றார் பம்ப்காரர். அதிகாரி பத்து நிமிடம் இடைவேளை என்று சொல்லி, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனார்.

வெளியே வராந்தாவில் ஃபிட்டர் ஒற்று அக்காவைத் தேடிக்கொண்டு வந்தார். திட்டுவார் என்று நின்றாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

“அந்தச் சால்வை நீங்க அனுப்பினதா?”

“ஆமாங்க.”

“அன்னைக்குப் பெரியம்மா மேலதான் கெடந்துச்சு. அங்க அத்தைன்னு சொல்ற பம்பைப் பார்த்துக்கற ஆள் ஒருத்தர், அவர்தான் அதை எடுத்து என் கையில சுத்திக் கட்டினார். ஆஸ்பத்திரி போற வரைக்கும் ரத்தத்தைப் புடிச்சு வெச்சது அதுதான்.” அவர் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். “கோவம் இல்லேன்னு சொல்லமாட்டேங்க. இருக்கு. கொஞ்ச நாள் இருக்கும்.”

“இருக்கட்டும்” என்றாள்.

பம்ப்காரரை மறு வாரமே வேலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பொறியாளர் மாதம் ஒரு முறை ஒவ்வொரு நிலையத்துக்கும் நேரில் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஒற்று அக்காவுக்கு எழுத்து மூலமான எச்சரிக்கை வந்தது. பத்து வரிக் கடிதம், அதில் நான்கு இடத்தில் ஒற்று இல்லை. பேனா ஒவ்வோர் இடத்திலும் ஒரு கணம் நின்றது. பிறகு நேராகக் கீழே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தது.

‘சொந்தம்’ டேக்கை அவள் எடுக்கவில்லை. பல்வலிக்கும் பரீட்சைக்கும் அது வேண்டியிருந்தது. ஆனால் அதைப் போடுவதற்கு முன்னால் இப்போதெல்லாம் போனை எடுத்துவிடுகிறாள்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு காலையில் வேனில் வந்த ஆற்றோர நிலையத்துத் தாளில், தண்ணீர்க் கணக்குக்குக் கீழே இப்படி இருந்தது: ‘புது பம்ப் நேற்றிலிருந்து ஓடுகிறது. அக்கா என்று பெயர் வைத்திருக்கிறோம். அக்காவுக்கு லேசாக நடுக்கம்.’

நிலையத்துக்குப் போன் போட்டாள்.

“நடுக்கம் யாருக்குங்க? ஆளுக்கா, பம்புக்கா?”

அந்தப் பக்கம் பம்ப்காரர் சிரிப்பது கேட்டது. “பேர்தான் உங்களுது மேடம். நடுக்கம் பம்புக்கு.”

அவள் தட்டச்சு செய்யக்கூட உட்காரவில்லை. தாளை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினாள். பொறியாளர் அதை வாங்கிப் படித்து, ஆளை அனுப்பக் கையெழுத்துப் போடும்வரை அவர் மேசைக்கு முன்னாலேயே நின்றாள். அவர் உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

மறுநாள் தாள் வந்தது. ‘டாக்டர் வந்தார். வலது கையில் மூன்று விரல்தான், ஆனால் கை பழைய கைதான். அக்கா நலம்.’

இதற்கு எந்த டேக் என்று அவளுக்குத் தெரியவில்லை. ‘பழுது’ என்று ஒன்று போட்டாள். அதற்குள்ளேயே, யார் தேடினாலும் கிடைக்கும்படி, ‘சொந்தம்’ என்றும் ஒன்று போட்டாள்.